எலும்பு தேஞ்சு போச்சாம்

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாயவரத்து வீட்டின் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தாள். விழுகிற யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. மாடிப்படியிலிருந்து உருளவில்லை, வண்டி எதுவும் மோதவில்லை. நின்ற இடத்திலிருந்து தரைக்கு விழுந்ததற்கே ஒரு எலும்பு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது 66 வயது.

நான் சென்னையிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எலும்பு தேய்மானம் இருக்கு. இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாது. கால்சியம் மாத்திரை எழுதியிருக்கேன். கட்டு பிரிச்சதும் காலையில கொஞ்சம் வாக்கிங் போகட்டும்” என்றார். அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. “அக்காவுக்கு எலும்பு தேஞ்சு போச்சாமே” என்று சித்தி போனில் அழாத குறை. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடலாம் என்றார் மாமா. எதிர்வீட்டு அத்தை ஒரு கிண்ணம் பிரண்டைத் துவையலோடு வந்தார். அந்தத் துவையலை நான் குறை சொல்ல மாட்டேன். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் அதற்கு ஈடு கிடையாது. எலும்புக்கு என்ன செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று ராத்திரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அந்தச் சொல்தான். தேய்மானம். நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் தேய்மானம், கழுத்து வலித்தாலும் தேய்மானம், எலும்பு முறிந்தாலும் தேய்மானம். செருப்பு தேயும், டயர் தேயும், அம்மிக்கல்லே தேயும். புழங்கப் புழங்கத்தான் ஒரு பொருள் தேயும். ஆகவே எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொன்னால், உழைத்து உழைத்துத் தேய்ந்துவிட்டது, இனிமேல் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் காதில் விழுகிறது. முழங்கால் மூட்டில் இருக்கும் குருத்தெலும்பின் கதை வேறு. அம்மாவுக்கு வந்திருப்பது எலும்பின் உள்ளே நடக்கிற சமாச்சாரம். பாடப்புத்தகத் தமிழில் அதற்கு எலும்புப்புரை என்று பெயர். வெளியே பார்க்க உத்திரம் மாதிரி இருக்கும், உள்ளே செல்லரித்திருக்கும். வீட்டில் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிப் பழகியிருந்தால் தேவலை, ஏனென்றால் புரையோடுவதற்கு உழைப்பு காரணமில்லை. வேலை வாங்காமல் விட்டாலும் புரையோடும்.

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். தெரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கட்டோடு இருந்த ஆறு வாரமும் அம்மாவின் அந்தக் கைக்கு வேலை இல்லை. பிரித்த அன்று பார்த்தால் வலது முன்கை இடது கையில் பாதி போல இருந்தது. தோல் உலர்ந்து செதில் செதிலாக. இடது கையில் கிடந்த கண்ணாடி வளையலில் இரண்டைக் கழற்றி வலது கையில் போட்டாள். கையைத் தூக்கினதும் அவை சரசரவென்று முழங்கை வரை ஓடிவிட்டன. “ஆறு வாரத்துல என் கை எங்கடி போச்சு?” என்று கேட்டாள். சதை போனது கண்ணுக்குத் தெரிந்தது. அதே ஆறு வாரத்தில் கட்டுக்குள் இருந்த எலும்பும் கொஞ்சம் அடர்த்தி இழந்திருக்கும். அதற்கு வளையல் மாதிரி ஒரு அளவுகோல் நம்மிடம் இல்லை.

அதற்கான அளவுகோல் தஞ்சாவூரில் இருந்தது, டெக்ஸா ஸ்கேன். மேசை மாதிரி ஒன்றில் படுக்க வேண்டும். மேலே ஒரு கை நகர்ந்து போகும். பத்து நிமிட வேலை, வலி இல்லை. ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். இருபதுகளில் இருக்கும் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியோடு நம்முடையதை ஒப்பிட்டுச் சொல்கிற எண் அது. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டுக் கொடுத்தது: மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை, நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான். அம்மாவுக்கு முதுகெலும்பில் மைனஸ் 2.7, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.2.

“ஸ்கூல்ல கூட நான் மைனஸ் மார்க்கு வாங்கினதில்ல” என்றாள் அம்மா.

இந்த முறை பார்த்த டாக்டர் நிதானமானவர். எலும்பு முறிந்தும் இருக்கிறது, எண்ணும் கீழே இருக்கிறது, ஆகவே மருந்து அவசியம் என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முறிந்த கையைப் பற்றிக்கூட அம்மா அவ்வளவு புலம்பவில்லை, அந்த அரை மணி நேரம் காபி கிடையாது என்பதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லி மாளவில்லை. மாத்திரையோடு இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார். ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் போன் நம்பர்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிக்காமலேயே அம்மாவின் இடது கையில் ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்தார். நடுவில் டயல். “முடிஞ்ச வரைக்கும் அழுத்துங்கம்மா.” முள் 13 கிலோவில் நின்றது. வலது கையில் 6. அப்புறம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, போனில் நேரம் பார்த்தார். 19 வினாடி. ஆசிய நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 2019-ல் வகுத்த கணக்குப்படி, பெண்களுக்குப் பிடி 18 கிலோவுக்குக் குறைந்தால் தசை பலவீனம். ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் யோசிக்க வேண்டும். அம்மா இரண்டிலும் பெயில்.

“கை எலும்பு ஒடஞ்சதுக்குக் காலைப் பாக்குறீங்களே” என்றேன். “விழுந்ததாலதானே ஒடஞ்சது? விழாம நிறுத்த வேண்டியது கால்தானே?” என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் பாதி விஷயம். எலும்பு முறிவு என்பது எலும்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, விழுவதும் சம்பந்தப்பட்டது. டி ஸ்கோர் மைனஸ் 2.5-ஐ எட்டாத எத்தனையோ பேருக்கும் விழுந்து எலும்பு உடைகிறது. தடுக்கும்போது சட்டென்று ஒரு காலை முன்னால் வைத்துச் சமாளிக்கத் தொடையில் பலம் இருக்கிறதா, அந்தப் பலம் அரை வினாடிக்குள் வந்து சேருமா என்பதை டெக்ஸா மெஷின் பார்ப்பதில்லை.

மீதிப் பாதிதான் எனக்குப் புதிது. தசைக்கு வேலை கொடுத்தால் எலும்பும் கெட்டிப்படும் என்றார் அவர். நான் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறவள், எதையும் சும்மா நம்புகிற ஜாதி இல்லை. படிக்க ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் இது. பலசாலிகளுக்கு எலும்பும் அடர்த்தியாக இருப்பது ஊரறிந்த விஷயம், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதில் எது எதற்குக் காரணம்? உடம்பு பெரியவருக்கு இரண்டுமே பெரிதாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இரண்டுமே நன்றாக இருக்கும். அப்பா வழி, அம்மா வழி வாகு வேறு. ஹார்மோன் வேறு. பலம் எலும்பைக் கெட்டியாக்குகிறது என்று சொல்ல இது போதாது. குடையும் மழையும் சேர்ந்தே வருகின்றன என்பதற்காகக் குடைதான் மழையைக் கூட்டிவந்தது என்று சொல்லிவிட முடியுமா?

அதற்கு ஒரு அழகான பதில் டென்னிஸ் மைதானத்தில் கிடைத்திருக்கிறது. 1977-ல் 84 தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மட்டை பிடிக்கிற கையின் மேற்கை எலும்பில், வெளிச்சுவரின் தடிமன் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சராசரியாக 34.9 சதவீதம் அதிகம், பெண்களுக்கு 28.4 சதவீதம் அதிகம். அதே ஆள், அதே சாப்பாடு, அதே பரம்பரை, அதே ரத்தம், அதே ஹார்மோன். வேறுபாடு ஒன்றுதான்: ஒரு கை சின்ன வயதிலிருந்து பந்தை அடித்தது, இன்னொன்று அடிக்கவில்லை. என் ஆடிட் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

சரி, அடிக்கிற கை தடிக்கிறது. அதில் தசைக்கு என்ன பங்கு? நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, உடம்பின் எடையைத்தான் எலும்பு தாங்குகிறது, தசை பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. அது தப்பு. காய்கறிக் கடையில் ஐந்து கிலோ பையை முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பை தொங்குவது முழங்கை மூட்டிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி. அதை மேலே இழுத்துப் பிடிக்கிற தசை முன்கை எலும்பில் ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து நாலே சென்டிமீட்டரில். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று தெரியும். அந்தக் கணக்குதான் இங்கேயும். ஐந்து கிலோ பைக்குத் தசை நாற்பது கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த நாற்பதும் எலும்பின் மேல்தான் விழுகிறது. பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மான் என்பவரின் குழு, இடுப்பு மூட்டு மாற்றும்போது வைக்கிற செயற்கை மூட்டுக்குள்ளேயே அளக்கும் கருவியைப் பொருத்தி, நோயாளிகளை நடக்கவைத்துப் பார்த்தது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை. ஒரு எடை நம்முடையது, மிச்சமெல்லாம் நம்மை நிமிர்த்திப் பிடிக்கிற தசைகள் இழுக்கிற இழுப்பு.

ஆக, எலும்புக்குப் பெரிய சுமை வெளியே இருந்து வருவதில்லை, தன்னோடு ஒட்டியிருக்கிற தசையிலிருந்துதான் வருகிறது. தசை இளைத்தால் சுமை குறைகிறது. சுமை குறைந்தால் எலும்பும் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. எதற்கு வீணாக இவ்வளவு சுண்ணாம்பை வைத்துக் காபந்து பண்ண வேண்டும் என்று அதற்குத் தோன்றுகிறது போல. பெர்லின்காரரான யூலியுஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர், சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று 1892-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். ஹெரால்ட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1987-ல் அதை இன்னும் இறுக்கிச் சொன்னார். ஃப்ரிட்ஜில் சூட்டைப் பார்த்து மோட்டாரை ஓடவிட்டு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அது மாதிரி எலும்புக்குள்ளேயும் ஒன்று இருக்கிறது, அது பார்ப்பது சூட்டை இல்லை, வளைவை. ஒரு அளவுக்குக் கீழே வளைந்தால் எலும்பைக் கரை, ஒரு அளவுக்கு மேலே வளைந்தால் சேர், நடுவில் இருந்தால் சும்மா இரு.

யார் பார்ப்பது? எலும்புக்குள்ளே புதைந்து கிடக்கிற செல்கள். எலும்பில் இருக்கிற செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். கெட்டிச் சுண்ணாம்புக்குள் சிறைப்பட்டுக் கிடந்தாலும், மயிரிழைபோன்ற கால்வாய்கள் வழியாகக் கை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. எலும்பு கொஞ்சமே கொஞ்சம் வளையும்போது அந்தக் கால்வாய்களில் இருக்கும் நீர் அசைகிறது. அந்த அசைவுதான் தகவல். சுமை இல்லாதபோது இந்தச் செல்கள் ஸ்க்லெரோஸ்டின் என்ற ஒரு புரதத்தை நிறையச் சுரந்து, எலும்பு கட்டுகிற செல்களைப் பிடித்து நிறுத்திவைக்கின்றன. சுமை விழுந்தால் சுரப்பு குறைந்து, கட்டுமானம் தொடங்குகிறது. கால்சியம் மாத்திரையும் கேழ்வரகுக் கஞ்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதெல்லாம் பெயருக்குத்தான். ஆனால் வாசலில் மணலும் ஜல்லியும் வந்து இறங்கிவிட்டால் மாடி எழும்பிவிடுமா? கொத்தனாரிடம் யாராவது வேலையை ஆரம்பிக்கச் சொல்ல வேண்டாமா?

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டாள். “அப்ப உங்க பாட்டி?”

பாட்டி. அப்பாவின் அம்மா. நெல் குத்தினாள், ஆட்டுக்கல்லில் தினம் ஒரு மணி நேரம் மாவாட்டினாள், இரண்டு தெரு தள்ளி இருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். கடைசிப் பத்து வருடம் கூன் விழுந்து, முகம் தரையைப் பார்த்தபடியேதான் நடந்தாள். எதிரில் வருகிறவரைக் காலை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள். அந்தக் காலத்து மனுஷி, உழைத்த கட்டை, எலும்பெல்லாம் இரும்பு என்று வாட்ஸாப்பில் வருகிற எல்லாச் செய்திக்கும் எங்கள் பாட்டி எதிர்ச்சாட்சி. எலும்புப்புரையில் முதுகெலும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், நசுங்கும். முறிந்ததே தெரியாது, முதுகு வலி என்று தைலம் தேய்த்துவிடுவார்கள். அப்படி நசுங்கிப் போவதும் கூனுக்கு ஒரு காரணம்.

அவளுக்கு எட்டுப் பிரசவம். பால் குழந்தைகளுக்குப் போக மிஞ்சினால்தான். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, எலும்பைக் கரைக்கிற செல்களுக்குக் கடிவாளம் போய்விடும். அந்த முதல் சில வருடங்களில்தான் பெண்கள் எலும்பை வேகமாக இழக்கிறார்கள். எந்த உழைப்பும் இதை முழுசாக ஈடுகட்டிவிடாது. அதெல்லாம் சரி. ஆனாலும் தினம் ஒரு மணி நேரம் மாவாட்டினதற்கு ஏதாவது பலன் இருந்திருக்க வேண்டாமா?

இங்கேதான் ஒரு பழைய சோதனை என்னை உலுக்கிவிட்டது. கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் இருவரும் 1984-ல் வெளியிட்டது. ஒரு பறவையின் இறக்கை எலும்பைத் தனிமைப்படுத்தி, மெஷினால் சுமை கொடுத்தார்கள். சுமையே இல்லாமல் விட்ட எலும்பு கரைந்தது. ஒரு நாளைக்கு நாலே நாலு முறை அழுத்தினால் கரைவது நின்றது. 36 முறை அழுத்தினால் எலும்பு வளர்ந்தது. 1,800 முறை அழுத்தினாலும் 36 முறைக்கு வளர்ந்த அளவுதான், மேற்கொண்டு ஒன்றும் இல்லை. ஒரே மாதிரிச் சுமை திரும்பத் திரும்ப வந்தால் எலும்பு கொஞ்ச நேரத்தில் காதைப் பொத்திக்கொள்கிறது.

பாட்டியின் குழவி ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும்? ஆயிரங்களில் இருக்கும். அவள் எலும்பு அதில் முதல் சில சுற்றுகளை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மீதி நேரமெல்லாம் எங்களுக்கு இட்லி. இது என் ஊகம்தான், பாட்டியை யாரும் ஸ்கேன் செய்ததில்லை. ஆனால் இதே பாடத்தை விண்வெளியில் நிறையச் செலவு செய்து கற்றிருக்கிறார்கள். எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரைந்தது. தினமும் மணிக்கணக்கில் ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள், இழுவைக் கருவி ஒன்றில் பயிற்சியும் செய்தார்கள், அப்படியும் கரைந்தது. அந்தக் கருவியில் அதிகபட்சம் 135 கிலோ அளவுக்குத்தான் சுமை வைக்க முடியும். 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வேறொரு கருவி போயிற்று. அதில் 270 கிலோ வரை வைக்கலாம். அதில் ஸ்குவாட்டும் (சுமையோடு குந்தி எழுவது) டெட்லிஃப்ட்டும் (கீழே இருக்கிற சுமையைத் தூக்கி நிமிர்வது) செய்து, சரியாகச் சாப்பிட்டு, வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொண்டவர்கள் எலும்பைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு திரும்பினார்கள். நேரத்தைக் கூட்டியதால் வந்த பலன் இல்லை அது. கனத்தைக் கூட்டியதால் வந்தது.

காலை வாக்கிங் பற்றி இப்போது ஒன்று சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். நடங்கள். சர்க்கரைக்கு நல்லது, நெஞ்சுக்கு நல்லது, தெருவில் நாலு பேரைப் பார்க்கலாம். ஆனால் 66 வருடமாக நடந்துகொண்டிருக்கிற எலும்புக்கு இன்னொரு அரை மணி நடை புதுச்செய்தி இல்லை. நீச்சலும் சைக்கிளும் அப்படித்தான். வருடக்கணக்கில் பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறார்கள். தொடை தேக்குமரம் மாதிரி இருந்தும்கூட. ஆகவே தசை இருந்தால் மட்டும் போதாது, அது எலும்பை எவ்வளவு கனமாக, எவ்வளவு சட்டென்று இழுக்கிறது என்பதும் சேர்ந்திருக்கிறது.

“அப்ப இந்த வயசுல என்னை வெயிட்டு தூக்கச் சொல்றியா? கர்ப்பப்பை இறங்கிடும்டி” என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கனம் தூக்கினாலே இதுதான் முதல் வார்த்தை. பிசியோதெரபிஸ்ட் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இறக்கம் இருக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லித்தான் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆய்வைப் பற்றித் தெரிந்தது. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக்கும் அவருடைய குழுவினரும் செய்தது. 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீட்டிலேயே செய்கிற லேசான உடற்பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல். லேசான கனம் இல்லை. ஒரே முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து தடவை வீதம் ஐந்து சுற்று. கூடவே கம்பியைப் பிடித்து எம்பி, தரையில் தொப்பென்று குதித்து இறங்குவது. எட்டு மாதம் கழித்து, கனம் தூக்கினவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. கனம் தூக்கினவர்களில் யாருக்கும் எலும்பு உடையவில்லை, ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பாட்டியை ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பெண்கள் முதல் மாதம் முழுக்க வெறும் கம்பியும் லேசான எடையும் வைத்து முறையைத்தான் கற்றார்கள். பக்கத்திலேயே பயிற்றுநர் நின்றார். புரையோடின முதுகெலும்புக்கு முதுகை வளைத்துக் குனிந்து தூக்குவதைவிடக் கெடுதல் வேறில்லை.

அம்மாவுக்கு ஜிம் கிடையாது. இருந்தது ஒரு குடம்.

பச்சை பிளாஸ்டிக் குடம், கழுத்துவரை பிடித்தால் 15 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட வசதியான எடைக்கல் எந்தக் கடையிலும் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, மார்க்கர் பேனாவால் குடத்தின் மேல் கோடு போட்டார். நாலு லிட்டரில் ஆரம்பம். தரையிலிருந்து தூக்கவிடவில்லை, ஒரு முக்காலியின் மேல் வைத்து, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முதுகு பலகை மாதிரி இருக்க, தொடையால் எழ வேண்டும். ஐந்து தடவை. உட்கார்ந்து இளைப்பாறு. மறுபடி ஐந்து. திங்களும் வியாழனும் மட்டும். ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் கோடு ஒரு விரற்கடை மேலே ஏறும். முதல் மாதம் அம்மா செய்தது எனக்காக. இரண்டாம் மாதத்திலிருந்து அந்தக் கோட்டுக்காக. அப்பா சமையலறை வாசலில் நின்று எண்ணுவார், நாலுக்கு அப்புறம் வேண்டுமென்றே மறுபடி மூன்று என்பார்.

பலம் சீக்கிரம் வந்தது, ஆச்சரியமாக இருந்தது. ஆறாவது வாரத்திலேயே நாற்காலிக் கணக்கு 14 வினாடிக்கு இறங்கிவிட்டது. முதலில் விழித்துக்கொள்வது நரம்பு, சும்மா கிடந்த தசை நார்களை அது வேலைக்குக் கூப்பிடுகிறது. சதை வைப்பது அதற்கப்புறம். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியடரோனே ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்ததில், கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில்! எலும்பு அப்படி இல்லை, அதற்கு அவசரமே கிடையாது. ஒரு இடத்தில் பழசைக் கரைத்துப் புதுசு கட்டி முடிக்கவே நாலிலிருந்து ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

இதற்கிடையில் எனக்கும் பயம் வந்துவிட்டது. எனக்கு 44, கணக்குப் போட்டால் மாதவிடாய் நிற்க அதிக வருடம் இல்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாள் பயிற்சியாளர் தம்பி ஒரு ஜோடி இளஞ்சிவப்பு டம்பெல் கொடுத்தான், ஆளுக்கு இரண்டு கிலோ. “லேடீஸுக்கு இது போதும் மேடம், முப்பது தடவை பண்ணுங்க.” நான் தினமும் தோளில் மாட்டுகிற லேப்டாப் பையே நாலு கிலோ என்றேன். பறவை இறக்கைக் கதையையும் சொன்னேன். அவன் புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை, பாவம், ஆனால் மூன்றாம் மாதம் இரும்புக் கம்பியில் 30 கிலோ மாட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு கையை என் முதுகுக்குப் பின்னால் காற்றில் வைத்துக்கொண்டு நின்றான்.

போன மார்கழியில் அம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன். முதுகெலும்பு மைனஸ் 2.7-லிருந்து மைனஸ் 2.5. தொடைக் கழுத்து அதே மைனஸ் 2.2. இரண்டு மூன்று சதவீத மாற்றத்தை மெஷினின் தடுமாற்றத்திலிருந்து பிரிப்பது கஷ்டம் என்று டாக்டரே சொன்னார். கீழே போகவில்லை, அதுவே நல்ல செய்தி. “மாத்திரை வேலை செய்யுது” என்றார்.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். “அப்ப நான் தூக்கினதெல்லாம்?”

“அதுவும்தாம்மா. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

நியாயமான பதில். ஒரே ஆளுக்கு மருந்தும் கொடுத்து, குடமும் கொடுத்து, எதனால் ஆயிற்று என்று கேட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். பிடி இரும்பு மட்டும் பிரித்துச் சொன்னது: இடது கை 19, முறிந்த வலது கை 17.

பொங்கலுக்குப் போயிருந்தபோது கொல்லைப்புறத்தில் குடத்தைத் தேடினேன். மார்க்கர் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறி, தோள்பட்டையைத் தாண்டி, கழுத்துக்குப் போய் நின்றிருந்தன. அதற்கு மேல் போடக் குடத்தில் இடம் இல்லை. அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

“பெரிய கடைத்தெருவுல கேட்டுட்டேன். இதுக்கு மேல பெரிய குடம் வரலையாம். எவர்சில்வர்ல அண்டாதான் இருக்காம். அண்டாவைக் குனியாம எப்படிடி தூக்குறது? அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடு.”